"அழிச்சாச்சு" என்ற ஒரு வார்த்தையை எப்படி நம்புவது?

1/
2010-ம் வருஷம். இங்கிலாந்தின் தென்கடலோரம், பிரைட்டன் நகரம். அங்கே பிரைட்டன் ஜெனரல் ஆஸ்பத்திரியில் எண் பூட்டு போட்ட ஒரு அறை. உள்ளே பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்குகள், சுமார் 1,000. எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துவந்த அமைப்பு, இதற்கென்று வெளியிலிருந்து ஒரு ஆளை ஏற்பாடு செய்தது. அவர் வந்தார். ஐந்து நாள் வேலை பார்த்தார். போய்விட்டார். வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2/
அந்த வருஷம் டிசம்பரில், டேட்டா மீட்கும் தொழில் செய்யும் ஒரு கம்பெனி ஆன்லைன் ஏலத்தில் 4 பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே நோயாளிகளின் விவரங்கள்! விசாரணை வந்தது. "இந்த நாலு மட்டும்தான் வெளியே போயிருக்கு" என்று முதலில் உறுதி சொல்லப்பட்டது. 2011 ஏப்ரலில் ஒரு பல்கலைக்கழகம் தகவல் ஆணையரைத் தொடர்பு கொண்டது. தங்கள் மாணவர் ஒருவர் ஏலத்தில் வாங்கிய டிஸ்க்குகளிலும் அதே ஆஸ்பத்திரியின் டேட்டா இருக்கிறது என்று. கடைசியில் கணக்குப் பார்த்தபோது, குறைந்தது 252 டிஸ்க்குகள் அந்த அறையிலிருந்து வெளியே போயிருந்தன.

3/
உள்ளே என்ன இருந்தது? ஆயிரக்கணக்கானவர்களின் நோய், சிகிச்சை விவரங்கள். எச்.ஐ.வி. நோயாளிகள், பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்தவர்கள். குழந்தைகள் பற்றிய அறிக்கைகள். ஊழியர்களின் வீட்டு முகவரி.

ஒரு மருத்துவரா இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையுது. கட்டின மனைவியிடம் சொல்லாததை, பெற்ற தாயிடம் சொல்லாததை, கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் சொல்பவர்கள் இவர்கள். அந்தக் கதவு இங்கே ஏலக்கடையில் திறந்திருக்கிறது.

2012-ல் அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 3,25,000 பவுண்டு. அந்த ஆணையம் அதுவரை விதித்ததிலேயே பெரிய தொகை அதுதான்.

4/
கவனிங்க. டிஸ்க்கை எடுத்துப் போனவர் ஒருவர். அபராதம் கட்டியது ஆஸ்பத்திரி. ஒரு வகையில் ஆஸ்பத்திரியும் ஏமாந்த தரப்புதானே? பின்னே ஏன் அதன் தலையில் விடிந்தது?

இந்த இழையில் நாம் பார்க்கப்போவது அதைத்தான். அடுத்தவர் ரகசியத்தை அழித்துத் தருகிறேன் என்பது இன்று ஒரு பெரிய தொழில். அந்தத் தொழில் எப்படி வந்தது, சட்டம் அதை எப்படித் துரத்திக்கொண்டே வந்தது, நம்ம ஊரில் நிலைமை என்ன. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

5/
காகிதத்திலிருந்து ஆரம்பிப்போம்.

1909-ல் அபட் அகஸ்டஸ் லோ என்ற அமெரிக்கர் காகிதத்தை நறுக்கும் குப்பைத்தொட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அது விற்பனைக்கு வரவே இல்லை. 1935-ல் ஜெர்மனியில் அடால்ஃப் எஹிங்கர் உண்மையிலேயே ஒரு மெஷினைச் செய்தார். நாஜிகளுக்கு எதிரான துண்டறிக்கைகள் அவருடைய குப்பையில் இருந்ததை யாரோ பார்த்துவிட, பாஸ்தா மாவை நீளநீளமாக நறுக்கும் சமையலறைக் கருவியைப் பார்த்து இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். உயிர் பயத்தில் பிறந்த மெஷின்.

அப்போது இதில் சட்டத்துக்கு ஒரு வேலையும் இல்லை. உன் காகிதம், உன் மெஷின், நீயே நறுக்கிக்கொள். அவ்வளவுதான்.

6/
நறுக்கினால் அழிந்துவிடுமா? இல்லை என்று உலகத்துக்குக் காட்டியது 1979 தெஹ்ரான்.

நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் புகுந்தார்கள். ஊழியர்கள் அவசர அவசரமாக ரகசியக் காகிதங்களை மெஷினில் போட்டு நீளநீளக் கீற்றுகளாக நறுக்கியிருந்தார்கள். ஈரானியர்கள் அந்தக் கீற்றுகளைத் தரையில் பரப்பி, பொறுமையாக ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒட்டினார்கள். கார்பெட் நெய்பவர்களையும் இதில் உட்காரவைத்ததாகச் சொல்லப்படுகிறது. ஒட்டிய ஆவணங்கள் புத்தகங்களாக, தொகுதி தொகுதியாக அச்சாகி வந்தன.

7/
பத்து வருஷம் கழித்து கிழக்கு ஜெர்மனி. பெர்லின் சுவர் விழுந்ததும் ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸ், தான் மக்களை வேவுபார்த்த கோப்புகளை அழிக்க ஆரம்பித்தது. மெஷின்கள் சூடேறிப் படுத்துவிட்டன. கையாலேயே கிழித்தார்கள். மக்கள் உள்ளே புகுந்து தடுத்தபோது கிடைத்தவை சுமார் 16,000 மூட்டைக் கிழிசல்கள். 1995-லிருந்து அரசு ஊழியர்கள் அவற்றைக் கையால் ஒட்டிச் சேர்த்து, சுமார் 500 மூட்டைகளை மீட்டார்கள். தன்னை வேவுபார்த்தது பக்கத்து வீட்டுக்காரரா, சொந்த உறவா என்று மக்கள் தெரிந்துகொள்ள வழி கிடைத்தது.

இந்த இரண்டு கதையையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு காகிதம் அழியாமல் இருந்தால் சில சமயம் ஒரு ரகசியம் போகும். அழிந்துபோனால் சில சமயம் ஒரு நியாயம் போகும். சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

8/
இந்த அனுபவங்களிலிருந்து அளவு என்ற விஷயம் பெரிதானது. எவ்வளவு பொடியாக நறுக்கினால் அழித்ததாகக் கணக்கு? ஜெர்மனிதான் இதற்கு வகைப்பாடு கொண்டுவந்தது. இன்றைய வகைப்பாட்டில் பி-1 முதல் பி-7 வரை ஏழு படிகள். பி-2 என்பது 6 மில்லிமீட்டர் அகலக் கீற்று. பி-4 என்றால் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பி-7 என்றால் வெறும் 5 சதுர மில்லிமீட்டர்.

"நறுக்கித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்பவரிடம் "எந்தப் படி?" என்று கேட்டுப் பாருங்க. பதில் சொல்லத் தெரிகிறதா என்பதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

9/
இப்போது அடுத்த கேள்வி. நான் தூக்கிப் போட்ட குப்பை யாருடையது?

1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. வழக்கின் பெயர் கலிபோர்னியா எதிர் கிரீன்வுட். ஒருவர் போதைப்பொருள் விற்கிறார் என்று சந்தேகம். போலீஸ், குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லி, அந்த வீட்டுக் குப்பைப் பையை மட்டும் தனியாக வாங்கிக் கிளறியது. வாரண்ட் இல்லாமல் இப்படிச் செய்யலாமா? 6-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு: செய்யலாம். தெருவோரத்தில் வைத்துவிட்ட பையை நாயும் கிளறலாம், போகிற வருகிறவனும் கிளறலாம். அதில் அந்தரங்கம் இருப்பதாக எதிர்பார்க்க முடியாது.

10/
போலீஸ் தேடுதல் பற்றிய தீர்ப்பு இது. ஆனா கம்பெனிகளுக்கும் ஒரு பாடம் இருந்தது. குப்பைத்தொட்டி பூட்டு இல்லாத அலமாரி. வாசலுக்குப் போகும் முன்பே அழித்துவிட வேண்டும்.

லாரியிலேயே மெஷினை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, உங்கள் கண்முன்னே நறுக்கித் தரும் கம்பெனிகள் பெருகின. 1994-ல் அமெரிக்காவில் தகவல் அழிப்புத் தொழிலுக்கென்றே ஒரு தேசியச் சங்கம் உருவானது. பிறகு அது உறுப்பினர்களுக்குச் சான்று கொடுக்க ஆரம்பித்தது. முன்னறிவிப்பில்லாத சோதனையும் அதில் உண்டு. யோசிச்சுப் பாருங்க, மற்ற தொழிலில் வாடிக்கையாளர் பொருளைப் பார்த்து வாங்குவார். இங்கே அவர் வாங்குவது ஒரு பொருள் 'இல்லாமல் போனதை'. அதை எப்படிச் சோதிப்பது? அதனால்தான் சாட்சிக்கும் சான்றுக்கும் இங்கே இவ்வளவு மதிப்பு.

11/
அடுத்து கம்ப்யூட்டர் வந்தது. காகிதத்தில் கற்றதெல்லாம் இங்கே செல்லவில்லை.

டெலீட் அழுத்தினால் என்ன ஆகும்? லைப்ரரியில் புத்தகத்தின் அட்டவணைக் கார்டை மட்டும் கிழித்துப் போட்ட மாதிரி. புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கும். பழைய ஃபார்மேட் முறைகளில் பலவும் இதே ரகம்தான்.

12/
2003-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கினார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் எத்தனை ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தன தெரியுமா? வெறும் 12. மற்றவற்றில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள். ஒன்று ஏ.டி.எம். மெஷினில் இருந்த டிஸ்க்!

2006-ல் அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது. மூன்று படிகள்: மேலே வேறு டேட்டா எழுதித் துடைப்பது, ஆய்வுக்கூடத்தில்கூட மீட்க முடியாதபடி ஆழமாக நீக்குவது, பொருளையே நொறுக்கி உருக்கி அழிப்பது. எந்தச் சாதனத்துக்கு எது என்பதும் முக்கியம். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு வலுவான காந்தம் போதும். எஸ்.எஸ்.டி., பென் டிரைவுக்குக் காந்தம் ஒன்றும் செய்யாது. பாக்டீரியா மருந்தை வைரஸ் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கதைதான்.

13/
சட்டம் எப்போது நேராக உள்ளே வந்தது?

அமெரிக்காவில் 2005 ஜூனில் ஒரு விதி அமலுக்கு வந்தது. ஒருவரின் கடன், நம்பகத்தன்மை பற்றிய அறிக்கையை வைத்திருக்கும் யாரும் அதைச் சும்மா தூக்கிப்போடக் கூடாது. வெளியாளிடம் கொடுத்தால், அந்த ஆளைப் பற்றி நன்றாக விசாரித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். "அவரிடம் கொடுத்தேன், அவர்தான் பொறுப்பு" என்று கையைத் தட்டிவிட்டுப் போகிற வேலை இனி நடக்காது.

மருத்துவத் துறைக்கு ஹிப்பா என்ற தனிச் சட்டம். மருந்து பாட்டில் லேபிள்களை, நோயாளி பெயரோடு, திறந்த குப்பைத்தொட்டியில் போட்டதற்காக சி.வி.எஸ். மருந்துக்கடை நிறுவனம் 2009-ல் 22.5 லட்சம் டாலர் கட்டியது. வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மெஷினை உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக, அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் 3,44,579 பேர் வரை. ஜெராக்ஸ் மெஷினுக்குள் ஹார்ட் டிஸ்க் இருப்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

14/
இதெல்லாம் டேட்டாவை வைத்திருந்தவர்கள் மாட்டியது. ஆவணங்களைப் பாதுகாக்கிறேன், முடித்துத் தருகிறேன் என்று வாங்கியவர் மாட்டிய கதையும் உண்டு. இலினாய் மாநிலத்தில் ஃபைல்ஃபேக்ஸ் என்று ஒரு கம்பெனி. மருத்துவர்களின் பழைய கோப்புகளைச் சேமித்து வைப்பது அதன் தொழில். 2015-ல் சுமார் 2,150 நோயாளிகளின் கோப்புகள் பூட்டாத வண்டியில் கிடந்தன, அல்லது சம்பந்தமில்லாத ஒருவர் எடுத்துப்போக விடப்பட்டன. கோப்புகள் கடைசியில் எங்கே வந்தன தெரியுமா? காகிதம் நறுக்கி மறுசுழற்சி செய்யும் ஒரு கடைக்கு, எடைக்குப் போட்டுக் காசு வாங்க!

விசாரணை முடிவதற்குள் கம்பெனியே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் 2018-ல் அதன் சொத்தைக் கலைத்த அதிகாரி 1,00,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. கடையைச் சாத்தினாலும் பொறுப்பு சாத்தப்படுவதில்லை.

15/
மறுபடி இங்கிலாந்து. இந்தக் கதைதான் எனக்கு மிக முக்கியமாகத் தெரிகிறது, ஏன்னா இது நம்ம ஊரில் நாளைக்கே நடக்கலாம்.

என்.எச்.எஸ். சர்ரே என்ற சுகாதார அமைப்பு. 2010 மார்ச்சில் ஒரு கம்பெனி வந்து, உங்கள் பழைய கம்ப்யூட்டர்களை நாங்கள் இலவசமாக அழித்துத் தருகிறோம் என்றது. பதிலுக்கு, ஹார்ட் டிஸ்க்கை அழித்தபின் மிஞ்சும் பாகங்களை விற்றுக்கொள்வோம். நல்ல டீல் மாதிரிதானே இருக்கு?

2012 மே மாதம் ஒரு சாதாரண மனிதர் ஆன்லைனில் பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். உள்ளே 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம். அதில் சுமார் 2,000 பேர் குழந்தைகள்.

16/
விசாரித்தால், ஒழுங்கான ஒப்பந்தமே இல்லை. அழிக்கும்போது போய்ப் பார்த்தவர் இல்லை. முதல் சில மாதங்களில் எத்தனை கம்ப்யூட்டர் கொடுத்தோம் என்ற பதிவேட்டையே தொலைத்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியிலிருந்து 2012 மே வரை 1,570 கம்ப்யூட்டர்கள் போனது மட்டும் தெரிந்தது. அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று அழிப்புக் கம்பெனியாலும் சொல்ல முடியவில்லை. அபராதம் 2,00,000 பவுண்டு. இலவச சேவைக்குக் கொடுத்த விலை.

ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றைத் தைத்து மூடும் முன் நர்ஸ் பஞ்சையும் கருவிகளையும் எண்ணுவார். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை. எண்ணிக்கை சரிவரும்வரை எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பிரைட்டனிலும் சரி, சர்ரேயிலும் சரி, இந்த எண்ணிக்கைதான் நடக்கவில்லை.

17/
இப்போ 4-ம் பதிவில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஏன் ஆஸ்பத்திரி மட்டும் கட்டியது?

அன்று நடப்பில் இருந்தது இங்கிலாந்தின் 1998-ம் ஆண்டு டேட்டா பாதுகாப்புச் சட்டம். அதன்படி டேட்டாவுக்கு உரிமைப்பொறுப்பு உள்ளவர் ஒருவர், அவர் சார்பில் வேலை செய்பவர் இன்னொருவர். எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டு மேற்பார்வை செய்ய வேண்டியது முதல் ஆள். அபராதமும் அவருக்கே.

2018 மே 25 முதல் ஐரோப்பாவில் ஜி.டி.பி.ஆர். வந்தபின் இது மாறியது. சார்பில் வேலை செய்பவரும் நேரடியாகப் பொறுப்பு. எழுத்து அனுமதி இல்லாமல் அவர் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. டேட்டாவைக் 'கையாளுதல்' என்பதன் விளக்கத்திலேயே 'அழித்தல்' அடங்குகிறது. "நான் டேட்டாவைத் தொடவே இல்லை, டிஸ்க்கை உடைக்க மட்டும்தான் செய்கிறேன்" என்று எந்த அழிப்புக் கம்பெனியும் நழுவ முடியாது. உடைப்பதும் கையாள்வதுதான்.

18/
இதுவரை பார்த்தது, அழிக்க வேண்டியதை அழிக்காத குற்றம். இனி, அழிக்கக் கூடாததை அழித்த குற்றம்.

2001 அக்டோபர். என்ரான் என்ற பெரிய கம்பெனியின் கணக்குகள் மேல் விசாரணை வரப்போகிறது. அதன் தணிக்கையாளர் ஆர்தர் ஆண்டர்சன், 'நம்ம ஆவணக் கொள்கையைப் பின்பற்றுங்கள்' என்று ஊழியர்களுக்கு நினைவூட்டியது. விளைவு, டன் கணக்கில் காகிதம் மெஷினுக்குள் போனது. நவம்பரில் சம்மன் வந்தபிறகுதான் நின்றது. 2002-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2005-ல் உச்ச நீதிமன்றம், ஜூரிக்குச் சட்டத்தை விளக்கியது சரியில்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் கம்பெனியே கரைந்துபோயிருந்தது. இடையில் 2002-லேயே புதுச் சட்டம் வந்துவிட்டது: விசாரணையைக் கெடுக்கும் நோக்கத்தில் ஆவணம் அழித்தால் 20 வருஷம் வரை சிறை.

19/
எங்கள் துறையில் இதைவிட வலிக்கிற உதாரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1970-களிலிருந்து 1990-களின் தொடக்கம்வரை, கிருமி கலந்த ரத்தமும் ரத்தப் பொருட்களும் ஏற்றப்பட்டு 30,000-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றின. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். எப்படி நடந்தது என்று கேட்டு குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அலைந்தன.

2024 மே 20 அன்று விசாரணை அறிக்கை வந்தது. ஹெபடைடிஸ் சி பரிசோதனையைத் தாமதமாகக் கொண்டுவந்த முடிவு பற்றிய கோப்புகளை அழிக்கும்படி 1993-லேயே சுகாதாரத் துறையில் குறித்து வைத்திருந்தார்கள் என்றும், அது உண்மையை மறைக்கும் வேண்டுமென்ற முயற்சி என்றும் அதில் இருந்தது.

அந்தக் கோப்புகளை எந்த மெஷின் நறுக்கியிருந்தாலும், அதன் முன் நின்ற ஊழியருக்கு அது இன்னொரு நாள் வேலை. வெளியே காத்திருந்த குடும்பத்துக்கு அது ஒரே சாட்சி.

20/
சரி, இந்தியாவுக்கு வருவோம்.

2017-ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும்.

அந்தச் சட்டத்தின்படி, எந்தக் காரியத்துக்கு டேட்டா வாங்கினார்களோ அது முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாவிட்டால், அழிக்க வேண்டும். வெளியாளைக் கொண்டு செய்தால் முறையான ஒப்பந்தம் வேண்டும். இங்கேயும் 'கையாளுதல்' என்பதில் 'அழித்தல்' உண்டு. பொறுப்பு? டேட்டாவை வாங்கிய நிறுவனத்தின் மேல்தான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அதாவது பிரைட்டன் ஆஸ்பத்திரி நின்ற இடத்தில்தான் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளும் நிற்கப்போகின்றன.

21/
ஒரு ஓட்டை இருக்கு. இது டிஜிட்டல் டேட்டாவுக்கும், பிறகு டிஜிட்டலாக்கப்பட்ட காகிதத்துக்கும்தான். வெறும் காகித கேஸ் ஷீட் பழைய பேப்பர் கடைக்குப் போனால் இந்தச் சட்டம் அதைப் பார்க்காது. அப்போது மருத்துவர் கையைக் கட்டுவது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. எச்.ஐ.வி. விவரம் என்றால் 2017-ம் ஆண்டின் தனிச் சட்டம், பதிவு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பாதுகாக்க ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்கிறது.

அதே 2002 விதிகள் உள்நோயாளிப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்கவும் சொல்கின்றன. வழக்கு இருந்தால் கதையே வேறு. சாட்சியாகப் போக வேண்டிய ஆவணத்தை, மின்னணுப் பதிவையும் சேர்த்துத்தான், மறைக்கும் நோக்கத்தில் அழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 241-ம் பிரிவு: 3 வருஷம் வரை சிறை.

22/
இதில் எனக்கு ஒரு ஆதங்கம். ஊசி, பஞ்சு, ரத்தப் பை போன்ற மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள் எவ்வளவு கறாராக இருக்கு பாருங்க. மஞ்சள் பை, சிவப்புப் பை, பார்கோடு, 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற கெடு. ஒரு பை எந்த ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி எங்கே எரிந்தது என்று தேட முடியும்.

அந்த ரத்தம் யாருடையது, அவருக்கு என்ன நோய் என்று எழுதிய காகிதத்துக்கு? பெரும்பாலான இடங்களில் பார்கோடும் இல்லை, பையும் இல்லை. ரத்தத்துக்கு நாம் காட்டும் மரியாதையை அந்தப் பெயருக்கும் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

23/
டேட்டா அழிப்பு சேவையைத் தொழிலாகத் தொடங்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு, இந்த வரலாறு சொல்லும் சில விஷயங்கள். கடை போடும் முன் ஒரு வக்கீலிடமும் பேசிவிடுங்க.

• எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு டிஸ்க்கையும் தொடாதீங்க. இலவசமாகச் செய்தாலும்தான்.
• கொண்டு வருபவர் உண்மையில் உரிமையாளரா? திருட்டு லேப்டாப்பாகவோ, ஆபீஸ் சொத்தாகவோ இருக்கலாம். அடையாளமும் கையெழுத்தும் வாங்குங்க.
• "இதன்மேல் வழக்கோ விசாரணையோ இல்லை" என்று எழுதி வாங்குங்க. உங்களுக்கே சந்தேகம் வந்தால் அந்தக் கையெழுத்து காப்பாற்றும் என்று நம்பாதீங்க. வேலையைத் திருப்பி அனுப்பிடுங்க.
• சீரியல் நம்பர் வாரியாக எண்ணுங்க. வாங்கும்போது ஒரு தடவை, அழிக்கும்போது ஒரு தடவை.
• சொல்லாமல் இன்னொருவருக்கு வேலையைக் கைமாற்றாதீங்க. பிரைட்டனில் கதை கிழிந்தது அங்கேதான்.
• உள்ளே என்ன இருக்கு என்று திறந்து பார்க்காதீங்க.
• சான்றிதழில், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்க. எந்த முறை, எந்தத் தேதி, யார் செய்தது, யார் பார்த்தது.
• உடைத்த மிச்சத்தைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்க.

24/
சின்ன ஆளுக்குத்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். மார்கன் ஸ்டான்லி என்ற உலகப் பெரிய நிதி நிறுவனம், தன் டேட்டா மையங்களைக் காலி செய்ய, டேட்டா அழிப்பில் எந்த அனுபவமும் இல்லாத, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் ரகக் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தது. சாதனங்கள் கைமாறி, ஆன்லைன் ஏலத்துக்கு வந்தன. 2020-ல் ஒரு அமைப்புக்கு 6 கோடி டாலர், 2022-ல் இன்னொரு அமைப்புக்கு 3.5 கோடி டாலர். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் சுமார் 1.5 கோடி.

25/
நீங்கள் வாடிக்கையாளராக இருந்தால், பழைய போனையோ லேப்டாப்பையோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதும் சரி, கிளினிக் கம்ப்யூட்டரை காயலான் கடைக்குப் போடும்போதும் சரி, மூன்றே கேள்வி கேளுங்க.

எத்தனை கொடுத்தேன்? எத்தனை அழிந்தது? அழிந்ததை யார் பார்த்தார்கள்?

மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், பொருளை வீட்டுக்கே திரும்ப எடுத்து வந்துடுங்க. பரணில் தூசி பிடித்துக் கிடந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர், மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு அனுப்புங்க.